பின்கதவு, இடப்பக்கம்

காப்புறுதி விற்பவன் நான்.
கதவைப் பூட்டிக்கொண்டு ஓட்டுங்கள் என்று
லிந்துலையிலிருந்து அக்கரப்பத்தனை வரை
ஆசிரியர்களிடம், கடைக்காரர்களிடம்,
லீசிங்கில் வேன் எடுத்த பையன்களிடம்
சொல்லித் திரிகிறவன்.
வண்டி உருண்டால்
பூட்டாத கதவு வாய் பிளக்கும்,
ஆளைத் துப்பிவிடும் தேயிலைக்குள்.
பூட்டிய கதவு பல்லைக் கடித்துக்கொண்டு
உள்ளேயே வைத்திருக்கும்.
இப்படித்தான் சொல்வேன். நன்றாக விற்கும்.

அப்போ வண்டி தண்ணிக்குள்ள போச்சுன்னா?
வெளியிலிருந்து யார் திறக்கிறது?
பலசரக்குக் கடை நிஸ்தார் கேட்டார்,
கையெழுத்துப் போட்டபடியே.
நான் பேனாவை வாங்கிக்கொண்டேன்.

என் ஒல்டோவுக்கு நான்கு கதவு.
பொத்தானை அமுக்கினால் மூன்றுதான் பூட்டும்.
பின்கதவு, இடப்பக்கம்,
ஒருமுறை செருமிவிட்டுச் சும்மா இருக்கும்.
மோட்டர் செத்துப்போச்சு, ஆறாயிரத்து ஐந்நூறு,
என்றான் தலவாக்கலை கராஜில் துஷார.
அடுத்த மாதம் என்றேன்.
பதினொரு மாதமாக அடுத்த மாதம்.
அந்தப் பக்கத்தில்தான் சஸ்மிதா உட்காருவாள்,
கைப்பிடியில் விரல் வைத்து விளையாடும் வயசு.
வளைவுக்கு வளைவு ஜெயரூபி திரும்பி அவளைப் பார்ப்பாள்,
பிறகு என்னைப் பார்ப்பாள்.

மார்ச் மாதம், வெயில் ஏறிய பதினொன்றரை.
தனியாக வந்துகொண்டிருந்தேன்.
ஒன்பதாம் நம்பர் மலைக்குக் கீழே வரும்போது
மேலிருந்து கூச்சல்.
கொழுந்துப் பையைத் தலையில் கவிழ்த்து,
இடுப்புப் படங்கு காலைத் தடுக்க,
செருப்பை விட்டுவிட்டு ஓடி வந்தார்கள் பெண்கள்.
பின்னால் ஒரு புகை வந்தது.
புகைக்கு இரைச்சல் இருந்தது.

பிரேக் போட்டேன். அது கால் செய்த வேலை.
விரல் பொத்தானில் இருந்தது.
அங்கேயே இருந்தது.
கண்ணாடியில் ஓர் உள்ளங்கை வந்து ஒட்டியது,
கறை ஏறிய, விரலில் துணி சுற்றிய உள்ளங்கை.
முன்கதவை ஒருத்தி இழுத்தாள். பூட்டு.
திரும்பவும் இழுத்தாள்.
எவ்வளவு நேரம்?
ஓர் ஆள் தன் பெயரையும் தகப்பன் பெயரையும்
சொல்லி முடிக்கும் நேரம்.
அதற்குள் ஒரு குளவி
எத்தனை முறை கொட்டும் என்பது
என் அட்டவணைகளில் இல்லை.

அப்போது பின்னால் டக்கென்றது.
யாரோ இழுத்தார்கள், திறந்தது.
அது எப்போதும் திறக்கும்.
நால்வர் விழுந்தார்கள் ஒருவர்மேல் ஒருவராக,
கூடவே ஐந்தாறு குளவியும்.
ஒன்று என் பிடரியைத் தேடி வந்தது.
சரியான விலாசம்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் மருதாயி என்பவள்,
ஒரு கண் வீங்கி மூடியிருக்க,
"நல்லவேள சார், கதவத் தெறந்தீங்க" என்றாள்.
ஆமாம் என்றேனா, தலையாட்டினேனா,
ஞாபகமில்லை என்று சொல்வது எனக்கு வசதி.
முன்கதவை இழுத்தவள்
அந்த நால்வரில் இல்லை.
கானுக்குள் குதித்தாளாம்.
நான்கு நாள் வார்டில் இருந்தாள்.
ஒருநாள் தோடம்பழம் வாங்கிக்கொண்டு போய்
கேட் வரைக்கும் நடந்தேன்.

சனிக்கிழமை துஷாரவிடம் வண்டியை விட்டேன்.
பிள்ளை உட்காரும் பக்கம், வேறு வழியில்லை.
ஆறாயிரத்து ஐந்நூறு எட்டாயிரமாகியிருந்தது.
இப்போது நான்கும் ஒரே குரலில் டக்.
ஜெயரூபி திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

ஒன்பதாம் நம்பர் வரும்போது மட்டும்
வேகத்தைக் குறைத்துப் பூட்டைத் திறப்பேன்.
பாலம் தாண்டியதும் அமுக்குவேன்.
அந்த அரை மைலுக்கு
எந்தக் கம்பெனியிலும் விதி கிடையாது.

போன ஞாயிறு, கோயிலுக்குப் போகையில்,
விரல் பழக்கத்தில் செய்துவிட்டது.
"என்ன சத்தம்?" என்றாள் ஜெயரூபி.
சஸ்மிதாவின் கை கைப்பிடியில் இருந்தது.
மோட்டர் திரும்பவும் பழுதுபோல,
என்றேன்.